பிடிப்பில்லாமல் வந்த மூடி

போன மாதம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வுபெற்ற பிறகு பரிசோதனைக்கூடத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். கெட்டிக்காரி. ஆனால் எடுத்தவுடன் "மேடம், சாப்டீங்களா?" என்று கேட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம்.

"சாப்பிட்டாச்சு. விஷயத்துக்கு வா," என்றேன்.

"அலமாரிக்கு மேல பெரிய பெரிய கண்ணாடி ஜாடிங்க இருக்குல்ல மேடம், அதையெல்லாம் கழிச்சுக் கட்டச் சொல்றாங்க. புது மெஷின் வந்துடுச்சு. தட்டுல பொடியைப் போட்டு மூடினா அதுவே சூடு பண்ணுது, அதுவே எடை பார்க்குது, ஈரம் எவ்வளவுன்னு அதுவே சொல்லிடுது. டீ ஆர்டர் பண்ணி வர்றதுக்குள்ள ரிசல்ட் வந்துடுது."

"அது ஜாடி இல்லை, டெசிகேட்டர். அதுல நாங்க என்ன, எலுமிச்சங்காயா ஊறவெச்சோம்?"

சிரித்தாள். பிறகு, "நீங்க அதைப் பத்தி எப்பவும் சொல்லுவீங்களே, ஒரு தடவை உட்கார்ந்து எழுதுங்களேன் மேடம். புதுசா வந்த பசங்களுக்கும் காட்டுறேன்," என்றாள். என்னை மடக்க அவளுக்குத் தெரியும். அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

டெசிகேட்டர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கனத்த கண்ணாடியில் செய்த வாயகன்ற பாத்திரம். நடுவில் இடுப்பு ஒடுங்கி இருக்கும். அந்த ஒடுக்கத்தில் ஓட்டைகள் போட்ட பீங்கான் தட்டு ஒன்று உட்கார்ந்திருக்கும். தட்டுக்குக் கீழே சிலிக்கா ஜெல் என்ற நீலக் குருணை. காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் அது குடித்துவிடும். குடிக்கக் குடிக்க நீலம் வெளுத்து ரோஜா நிறமாகும். அப்போது எடுத்து ஓவனில் வறுத்தால் மறுபடி நீலம் திரும்பும். மேலே குமிழ் வைத்த கண்ணாடி மூடி. மூடியும் பாத்திரமும் சந்திக்கும் விளிம்பை இரண்டு பக்கமும் வழவழவென்று தேய்த்துவிட்டிருப்பார்கள். அதில் மெல்லிசாக கிரீஸ் தடவி மூடினால் காற்று நுழையாது. ஓவனில் காய்ந்த பொடியைச் சூட்டோடு எடை போட முடியாது, வெளியில் ஆறவைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் இதற்குள் வைத்து ஆறவிட்டு எடை போடுவோம். இவ்வளவுதான் இதன் வேலை.

இதிலென்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் திருவொற்றியூரில் ஒரு வாரம் குடியிருந்து பார்க்க வேண்டும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டினால் கடல். உப்புக் காற்று சுவரைத் தின்னும், ஜன்னல் கம்பியைத் தின்னும். பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஒரு போன் பேசிவிட்டு வந்தால் நமுத்துப் போயிருக்கும். அந்த ஊரில் ஒரு பொடியைக் காய வைத்து, காய்ந்தபடியே வைத்திருப்பது சாதாரண வேலை இல்லை.

நான் ராயபுரம். மாதா கோயிலுக்குப் பின்பக்கத் தெரு. அப்பா துறைமுகத்தில் பளு தூக்கும் வேலையில் இருந்தவர். பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு டைப்பும் கற்றுக்கொண்டு எந்த வேலை கிடைக்கும் என்று அலைந்தபோது இந்த இடம் கிடைத்தது. கப்பலில் வரும் சரக்கு, போகும் சரக்கு எல்லாவற்றையும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் தனியார் கூடம். உரம், கந்தகம், நிலக்கரி, இரும்புத் தாது. முதல் இரண்டு வருடம் நான் செய்ததெல்லாம் கண்ணாடிச் சாமான் கழுவியது, ஜெல் வறுத்தது, திட்டு வாங்கியது. அதை விரித்து எழுத ஒன்றுமில்லை.

திட்டு என்றா சொன்னேன்? எங்கள் தலைமை வேதியியலாளர் வரதராஜன் சார் யாரையும் திட்டி நான் கேட்டதே இல்லை. குரலே உயராது. வெள்ளை அரைக்கைச் சட்டை, பாக்கெட்டில் ஒரு பென்சில், பேனா கிடையாது. நாம் ஒரு முடிவைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்கிப் பார்ப்பார். சரியில்லை என்று பட்டால் காகிதத்தைத் திருப்பித் தருவார். "இன்னொரு தடவை" என்பார். ஏன் என்று சொல்ல மாட்டார். அந்த இரண்டு வார்த்தைக்குப் பதிலாக நான்கு அறை கொடுத்திருந்தால்கூட எனக்கு அழுகை குறைவாக வந்திருக்கும்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பார். டெசிகேட்டர் மூடி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் குழம்புச் சட்டி மூடியைப் போலக் குமிழைப் பிடித்துத் தூக்குவார்கள். வராது. சூடான கிண்ணத்தை உள்ளே வைத்து மூடினால், அது ஆற ஆற உள்ளே இருக்கும் காற்று சுருங்கி மூடியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பலங்கொண்டு தூக்கினால் பாத்திரமும் கூடவே கிளம்பும், பிறகு தரையில் கண்ணாடி பொறுக்க வேண்டியதுதான். இடது கையால் பாத்திரத்தை மாரோடு அணைத்து, வலது கையால் மூடியைப் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மெதுவாக. முதலில் அசையாது. பிறகு ஒரு நூல் நகரும். அப்போது 'உஸ்' என்று ஒரு சத்தம் வரும், வெளிக்காற்று உள்ளே போகும் சத்தம். சார் அதற்காகவே தலையைச் சாய்த்துக் காத்திருப்பார்.

"மூச்சு வாங்கிச்சாம்மா?"

"வாங்கிச்சு சார்."

"அப்ப சரி."

எங்களிடம் இருந்ததில் பெரிய டெசிகேட்டருக்கு நாங்கள் பெரியவர் என்று பெயர் வைத்திருந்தோம். கப்பல் சரக்கிலிருந்து எடுத்து வரும் மாதிரிகள் எல்லாம் பெரியவருக்குள்தான் ஆறும். சாயங்காலம் ஓவனிலிருந்து எடுத்துப் பெரியவருக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம். காலையில் வந்து எடை போடுவோம். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும் என்று சார் ஏற்படுத்திய வழக்கம் அது. மூடி சரியாக இருக்கும்வரை ராத்திரி முழுக்க இருந்தாலும் ஒன்றும் ஆகாது.

ஆயுத பூஜை எங்கள் கூடத்தில் பெரிய திருவிழா. தரையைக் கழுவி, தராசு, ஓவன், டெசிகேட்டர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். என் வேதம் வேறாக இருந்தால் என்ன, பொரியும் சுண்டலும் முதல் பொட்டலம் எனக்குத்தான் வரும். தராசுக்கு யார் வேண்டுமானாலும் பொட்டு வைக்கலாம். பெரியவருக்கு மட்டும் சார்தான் வைப்பார். குமிழில் வைத்தால் கைபட்டு அழிந்துவிடும் என்று பாத்திரத்தின் வயிற்றில், விளிம்புக்கு நன்றாகக் கீழே, வட்டமாக ஒரு பொட்டு. விளிம்பில் ஒரு தூசி பட்டாலும் துடிக்கிற மனிதர், அந்தப் பொட்டை வைக்கும்போது மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு வைப்பார்.

நான் சொல்ல வந்த சம்பவம் நடந்த வருடத்துப் பூஜைக்கு நான் இல்லை. என் தம்பி சேவியருக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. பல வருடம் ஏஜென்சி ஏஜென்சியாக ஏறி இறங்கி, கடைசியில் டெக்கில் கயிறு இழுக்கிற வேலை. அதுவும் நம் துறைமுகத்துக்கே வந்து இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு போகும் கப்பல். வீட்டில் கல்யாணக் களை. அம்மா கோயிலில் பூசை வைத்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து இறங்கினார்கள். நானும் லீவு போட்டுவிட்டு ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறிய பிறகு, மறுவாரம் வேலைக்குத் திரும்பினேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது.

இங்கே இரும்புத் தாதுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது நம் துறைமுகத்தில் தாது ஏற்றுவதில்லை, அப்போது மலை மலையாகக் குவித்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூளாக இருக்கும் தாதுவில் ஈரம் ஒரு எல்லைக்கு மேல் போனால் ஆபத்து. பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். நடுக்கடலில் கப்பல் குலுங்கக் குலுங்க அது கூழாகிவிடும். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் கூழும் அந்தப் பக்கம் ஓடும். அதற்குப் பிறகு கப்பல் நிமிராது. எஸ்.ஓ.எஸ். கொடுக்கக்கூட நேரம் இருக்காது என்று துறைமுகத்துக்காரர்கள் சொல்வார்கள். அதனால்தான் ஈரம் எல்லைக்குள் இருக்கிறது என்று எங்கள் சான்றிதழ் இல்லாமல் கப்பல் நகராது.

அன்றைக்குக் காலை நான் உள்ளே நுழைந்தபோது கருணாகரன் எதிரே வந்தான். என்னுடைய லீவில் என் வேலையைப் பார்த்துக்கொண்டவன். அமிலம், காரம் பக்கத்தில் புலி, ஈரப் பரிசோதனை அவனுக்குப் பழக்கமில்லை.

"உன் தம்பி கப்பலுக்கு சர்டிபிகேட் போயாச்சுக்கா. எல்லைக்குக் கொஞ்சம் கீழே, பாஸ். இன்னிக்கு சாயங்காலம் கெளம்புது," என்றான்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. பையை மாட்டிவிட்டு, அன்றைய வேலைக்குப் பெரியவரைத் திறக்கப் போனேன். முந்தின நாள் ஏதோ உரத்தின் மாதிரியைச் சூடாக வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இடது கையால் அணைத்து வலது கையால் தள்ளினேன். மூடி பேசாமல் வந்துவிட்டது. இறுக்கம் இல்லை, மூச்சு இல்லை. எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் தோசை நகர்வதுபோல் நகர்ந்தது.

கீழே குனிந்து ஜெல்லைப் பார்த்தேன். லீவுக்குப் போவதற்கு முந்தின நாள் நானே வறுத்துக் கொட்டிவிட்டுப் போன நீலக் குருணை, முழுக்க ரோஜா நிறம். வழக்கமாக அது வெளுக்கப் பல வாரம் ஆகும். மூடியைக் கவிழ்த்து விளிம்பை வெளிச்சத்தில் பார்த்தேன். முன்பக்கத்தில் கிரீஸோடு கிரீஸாக மஞ்சளாக ஒரு திட்டு. அதில் பொடிப் பொடியாகக் காய்ந்த துகள். பாத்திரத்தின் விளிம்பிலும் அதே இடத்தில் அதே திட்டு. பாதிப் பொட்டு மேலே, பாதிப் பொட்டு கீழே.

சந்தனம். பெரியவருக்குச் சந்தனம் வைக்கிற கை ஒன்றே ஒன்றுதான்.

நான் அங்கேயே நின்றேன். கணக்கு மண்டையில் தானாக ஓடியது. மூடி காற்று விட்டால், காய்ந்த தாது ராத்திரி முழுக்க மழைக் காற்றைக் குடித்திருக்கும். காலையில் எடை கூடியிருக்கும். காய்ந்த எடை கூடினால், ஈரம் கொஞ்சம்தான் இருந்தது என்று கணக்கு சொல்லும். ஈரமான தாது காய்ந்த தாது என்று பெயர் வாங்கிக்கொண்டு கப்பலில் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மேலே டெக்கில் என் தம்பி கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறான்.

சாருடைய அறைக்குப் போனேன். அவர் காகிதத்தை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்துகொண்டிருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கே அது எவ்வளவு முற்றியிருக்கிறது என்று தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

"சார், பெரியவர் மூச்சு வாங்கலை."

உடனே எழுந்து வந்தார். மூடியைக் கையில் எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினார். திட்டு வந்த இடத்தில் விரல் நின்றது. அந்தத் துகளை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தெரியவில்லை போலிருக்கிறது. பிறகு மூக்குக்குக் கொண்டுபோனார்.

"சந்தனம்," என்றார். மூடியைக் கீழே வைத்துவிட்டு, "என் கைதான்," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தாது இதுலதானே ஆறிச்சு?"

"ஆமா சார்."

"மிச்ச மாதிரி டப்பாவுல இருக்கில்ல? கருணாவைக் கூப்பிடு."

மாதிரியில் ஒரு பங்கை எப்போதும் காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்திருப்போம். அதை எடுத்து ஓவனில் வைத்தால் காய்ந்து, ஆறி, எடை போட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். கப்பலும் சாயங்காலம்தான் கிளம்புகிறது. சார் டப்பாவை உடைக்கச் சொல்லிவிட்டு நேராகப் போனுக்குப் போனார். துறைமுகத்தைக் கூப்பிட்டு, கப்பல் பெயரைச் சொல்லி, "நாங்க கொடுத்த ஈரச் சான்றிதழைத் திரும்ப வாங்கிக்கறோம். கப்பல் புறப்படக் கூடாது. கடிதம் கையோட அனுப்பறேன்," என்றார்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "சார், ரிசல்ட் வந்த பிறகு சொல்லலாமே. ஒருவேளை எல்லைக்குள்ளேயே இருந்துட்டா?"

"இருந்தா ரொம்ப நல்லது. ஆனா நான் கையெழுத்துப் போட்டது மூடி நின்னுச்சுன்னு நம்பித்தாம்மா. மூடி நிக்கலை. அப்புறம் அந்தக் கையெழுத்து எப்படி நிக்கும்?"

மதியத்துக்குள் சரக்குக்காரர்களின் ஏஜெண்ட் வந்துவிட்டார். காரை விட்டு இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார். தண்டையார்பேட்டைக்காரர், நன்றாகப் பழகியவர்தான். அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார்.

"இன்னா சார் பேஜாரு இது? கப்பலை வெளிய கொண்டு போற பைலட் புக் ஆயிகீது. கப்பல் கெளம்பற டைம்ல போன் பண்ணி நில்லுன்றீங்க. குடுத்தது நீங்க, இப்ப இல்லைன்றதும் நீங்களா?"

"ஆமா," என்றார் சார்.

"இந்தம்மா சொல்லிச்சு, நீங்க கேட்டுகினீங்க. சரி. அதோட தம்பி அந்தக் கப்பல்ல கீறான், அது தெரியுமா உங்களுக்கு? எங்காபீஸ்ல வந்து அவன் பெருமை பேசிகினு இருந்தான், எங்கக்கா வேலை செய்யிற லேப்புதான் இதை டெஸ்ட் பண்ணுதுன்னு. தம்பிய வுட்டுப் பிரிய மனசில்லாம அக்கா கதை கட்டுது சார்."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். தம்பிக்குக் கப்பலில் வேலை என்று அவருக்குத் தெரியும். இந்தக் கப்பல் என்று தெரியாது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா நீங்க மூடிக்காகச் செய்யறீங்களா, என் தம்பிக்காகச் செய்யறீங்களான்னு ஆயிடும் சார்."

சார் தலையாட்டினார். ஏஜெண்ட்டுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார். "நீங்களே உட்கார்ந்து பாருங்க. இனிமே இந்தம்மா எதையும் தொடாது. ஏம்மா, கையைப் பின்னால கட்டிக்கோ."

அப்படியே கட்டிக்கொண்டேன். என் வேலைக்காலம் முழுக்க அதைவிடக் கடினமான வேலையை நான் செய்ததில்லை. கருணாகரன் புதிதாக ஜெல் வறுத்து நடுத்தர அளவு டெசிகேட்டரில் நிரப்பினான். அவன் கிரீஸை அப்பளத்துக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல் அப்பினான். வழித்து எடுத்துவிட்டு இன்னொரு தடவை தடவும்படி சார் சொன்னார். ஓவன் கதவு திறந்து மூடியது. இடுக்கியில் கிண்ணத்தைப் பிடித்து அவன் கொண்டுபோகும்போது கிண்ணம் லேசாகச் சாய்ந்தது, என் கை முதுகுக்குப் பின்னால் தானாக நீண்டது. மூடி மூடப்பட்டது. பிறகு ஆறுவதற்காகக் காத்திருப்பு.

அந்த நேரத்தில் நான் என்ன வேண்டிக்கொள்வது? எனக்கு அதுதான் விளங்கவில்லை. ஈரம் எல்லைக்குள் வந்தால் கப்பல் போகலாம், தம்பிக்கு ஆபத்தில்லை. ஆனால் ஊர் சிரிக்கும். ஒரு பொம்பளை பேச்சைக் கேட்டுக் கப்பலை நிறுத்தினார் என்று சாருக்குக் கெட்ட பெயர். எல்லையைத் தாண்டினால், சார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் தப்பு என்று ஆகும். அவர் வாழ்நாளில் அப்படி ஒன்று நடந்ததில்லை. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் சார். அந்தோணியாரே, எதுவோ அதுவே வரட்டும், பொய் மட்டும் வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். அவருக்குப் புரிந்திருக்கும்.

கருணாகரன் மூடியைத் தள்ளினான். அசையவில்லை. மறுபடி தள்ளினான். உஸ் என்று வந்தது. அவ்வளவு பெரிய சத்தமாக அது என் காதில் எப்போதும் விழுந்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஏஜெண்ட்கூடத் திரும்பிப் பார்த்தார்.

தராசில் வைத்து எண்ணைப் படித்தான். சார் பென்சிலால் எழுதினார். "இன்னொரு தடவை படி," என்றார். படித்தான். அதே எண். கிண்ணங்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு சார் கணக்கை ஏஜெண்ட்டிடம் நீட்டினார். எல்லையைத் தாண்டியிருந்தது. கொஞ்சம் நஞ்சம் இல்லை, நன்றாகவே தாண்டியிருந்தது.

ஏஜெண்ட் காகிதத்தைப் பார்த்தார், சாரைப் பார்த்தார். அவர் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "மொத்தம் எத்தினி பேரு சார் அந்தக் கப்பல்ல," என்று யாரையும் பார்க்காமல் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்விட்டார்.

நான் கையை முன்னால் கொண்டுவந்தேன். மரத்துப்போயிருந்தது. சார் தன் அறைக்குப் போய் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார். கருணாகரன் பெயரும் அதில் இல்லை, என் பெயரும் இல்லை. பூஜையன்று தன் கையால் விளிம்பில் சந்தனம் பட்டது, தனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, அதைத் தான் கவனிக்கத் தவறியதால் தவறான சான்றிதழ் போனது என்று எழுதியிருந்தார். டைப் அடித்தது நான்தான். பாதி எழுத்து எனக்குத் தெரியாதபடி கண்ணீர் மறைத்தது. அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கண் வியாதி.

அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். அனுப்பவில்லை. எழும்பூரில் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். வந்த அன்றைக்கு என்னைப் பார்த்து, "ஏம்மா ரெஜினா, உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?" என்றார். அவர் செய்த ஒரே கேலி அதுதான் என்று நினைக்கிறேன். ஓய்வுபெறும்வரை எங்களோடுதான் இருந்தார். இப்போது அவர் இல்லை. அவரைப் போன்ற ஒருவருக்குக் கீழே வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இருக்கிற பெருமை, சம்பளத்திலும் வந்ததில்லை, பென்ஷனிலும் வந்ததில்லை.

கப்பல் நின்றது. தாதுவைத் திரும்ப இறக்கி, மழை விட்ட நாளில் பரப்பிக் காய வைத்து, மறுபடி ஏற்றுவதற்கு எத்தனையோ நாள் பிடித்தது. அந்த நாட்களில் ஒரு நாள் மத்தியானம் என் தம்பி ராயபுரத்துக்கு வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே செருப்பை உதறிய விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாக்கா பண்ணி வெச்சுகீற நீ? இத்தினி வருசம் நாயா அலைஞ்சு ஒரு கப்பல் கெடைச்சுது. அதையும் நிறுத்திட்டியே!"

"உட்காருடா. சாப்பிட்டியா?"

"சோறு கெடக்குது வுடு. கப்பல்ல எனுக்கு இன்னா பேரு தெரியுமா? மூடி! ஏய் மூடி, கயிறைப் புடி. ஏய் மூடி, டீ கொண்டா. அக்கா கப்பலுக்கே மூடி போட்டுச்சாம். அல்லாரும் சிரிக்கிறானுங்க. கேப்டன்கூட சிரிக்கிறாரு. அசிங்கமா கீதுக்கா!"

அம்மா உள்ளேயிருந்து, "பாவம்டா அவ, உனக்காகத்தானே..." என்று ஆரம்பித்தாள்.

"யாரு கேட்டா? நான் கேட்டனா? கப்பல்ன்னா ஆடத்தான் செய்யும். ஆடாம இருக்க அது இன்னா மாதா கோயிலா?"

கப்பல் கவிழ்ந்திருக்கும் என்று நான் எப்படிச் சொல்வது? கவிழாமலேகூடப் போய்ச் சேர்ந்திருக்கலாம். கடல் அமைதியாக இருந்திருந்தால் அவன் அக்கரையில் இறங்கி எனக்கு ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்திருப்பான். நடக்காமல் போன ஒன்றை யாரிடம் எடுத்துக் காட்ட முடியும்? வஞ்சிரம் குழம்பு வைத்திருந்தேன். தட்டைத் தள்ளிவிட்டான். வீட்டுக் கூடம் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தான், கையை வீசினான், கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினான். பக்கத்து வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன.

சேவியருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கப்பல் வேலையெல்லாம் முடித்துவிட்டு எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால் இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்து என்னைத் திட்டுவான். மூடி என்ற பெயர் உலகத்துத் துறைமுகமெல்லாம் அவன் பின்னாலேயே போயிற்றாம். நியாயமான கோபம்தான். நான் குறுக்கே பேசுவதில்லை. திட்டி முடிக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கும் அப்படித்தான், கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அவன் என்ன சொல்கிறான் என்பதுகூடச் சரியாகக் காதில் விழவில்லை. என் தம்பி என் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தான், எனக்கு அது போதுமாக இருந்தது.